ஏலத்தில் எடுத்த ஆர்மி லொறி: எயார் பிரேக்கில் காற்று எங்கே போகிறது?

இரவு பிரேக் டேங்கில் 100 பீ.எஸ்.ஐ. காற்றழுத்தத்தோடு நிறுத்திய லொறி, விடியற்காலை தேயிலைக் கொழுந்து ஏற்றப் போகும்போது காற்று மீட்டர் முள் பூச்சியத்தில் படுத்திருக்கும். எஞ்சினை உறுமவிட்டு, காற்று நிரம்பும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மலையகத்துக் கொட்டகலையில் மூன்று மாதம் எனக்கு இதே கதைதான்.

முதலில் லொறியைச் சமதரையில் நிறுத்துங்கள். எங்கள் பக்கம் சமதரை தேடுவதே பாதி வேலை. எனக்குக் கோயில் முற்றம் கிடைத்தது. எல்லாச் சில்லுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். ஈரத்தில் கல் நழுவும்.

காற்றை நிரப்பி எஞ்சினை நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பெடலைத் தொடாமல் ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். 2 பீ.எஸ்.ஐ. வரை இறங்கினால் பொறுக்கலாம். அப்புறம் பெடலை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியதும் சட்டென்று இறங்குவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதன் பிறகு நிமிடத்துக்கு 3க்கு மேல் போகக்கூடாது. அழுத்தும்போது மட்டும் இறங்கினால் சில்லுக்குப் பக்கத்தில் காற்றால் பிரேக்கைத் தள்ளும் சேம்பரின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு), அதற்குப் போகும் ஹோஸ் இரண்டையும் பாருங்கள். சும்மா இருக்கும்போதே இறங்கினால் டேங்க், பைப், வால்வ் பக்கம் தேட வேண்டும்.

தேடுவதற்குச் சவர்க்காரத் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷ்ஷும் போதும். கசிவு தேடும் ஸ்ப்ரே டின்னுக்குக் காசு கொடுக்காதீர்கள். என் லொறியில் சேஸியில் உரசி உரசித் தேய்ந்த ஹோஸில் கடுகளவு நுரை ஒன்று மெல்ல ஊதிப் பெருத்தது. மாற்றினேன். டேங்கில் சேரும் தண்ணீரைத் திறந்துவிட அடியில் இருந்த குழாயும் கசிந்தது. அதையும் மாற்றினேன். ஃபெரூல் என்ற சிறு வளையம் வைத்த பைப் மூட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அறுந்த துண்டு வால்வுக்குள் போய்ச் சிக்கினால் புதுத் தலைவலி.

இவ்வளவும் செய்தும் பிரேக் பெடலால் இயங்கும் ஃபுட் வால்வின் அடியில் 'உஸ்ஸ்' நிற்கவில்லை. சத்தம் வரும் இடம்தானே கெட்டது என்று நினைத்து, கண்டியில் புது வால்வ் வாங்கிப் பூட்டினேன். அதே சத்தம்! பக்கத்துக் கராஜ் பாஸ் வந்து பார்த்தார், பேசவில்லை, ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். சத்தம் நின்றது. விட்டார், திரும்ப வந்தது.

விஷயம் இதுதான். பின் சில்லில் ஸ்பிரிங் சேம்பர் (ஹேண்ட்பிரேக்கை ஸ்பிரிங் பலத்தால் பிடிக்கும் சேம்பர்) இருந்தால், ஹேண்ட்பிரேக்கை விடும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிப்பது காற்று. நடுவில் உள்ள சீல் தேய்ந்தால் அந்தக் காற்று பெடல் பிரேக் பக்கம் நுழைந்து, ஹோஸ் வழியே திரும்பி வந்து வால்வின் வாயால் வெளியேறும். பின் சேம்பர்களுக்குக் காற்றை விடும் ரிலே வால்வ் உள்ள லொறியில் சத்தம் அங்கே கேட்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்ததும் அந்தக் காற்று வெளியே போய்விடுவதால் சத்தம் அடங்கும்.

எந்தச் சேம்பர் என்று அறிய, காற்றை இறக்கிவிட்டு இரண்டு பின் சேம்பரிலும் பெடல் பிரேக் ஹோஸைக் கழற்றுங்கள். கட்டைகளை ஒருமுறை சரிபார்த்து, காற்றை நிரப்பி ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். பெடலைத் தொட வேண்டாம். எந்தத் துளையில் விரலுக்குக் காற்று படுகிறதோ அதுதான் ஆள். எனக்கு இடதுபக்கம். ஆனால் ஸ்பிரிங் இருக்கும் பக்கத்து வளையத்தை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள். ஆளைக் கொல்லும் பலம் அதற்குள் இருக்கிறது. முழுச் சேம்பராக வாங்கி, தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள். கேபிள் ஹேண்ட்பிரேக் மட்டும் உள்ள லொறியில் ஸ்பிரிங் சேம்பர் இருக்காது. அங்கே ஃபுட் வால்வைச் சந்தேகிப்பது சரி.

பின்னால் சேர்த்தது: லிந்துலையிலிருந்து ஒருவர், எங்கும் நுரை வரவில்லை, ஆனாலும் முள் இறங்குகிறது என்றார். கம்ப்ரஸருக்கு அடுத்துள்ள முதல் டேங்கின் காற்றை மட்டும் திறந்துவிடச் சொன்னேன். மற்ற டேங்கின் முள்ளும் கூடவே இறங்கியது. இரண்டுக்கும் நடுவில், காற்றைத் திரும்பவிடாமல் ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வில் துரு. பனி, மழை, ஈரக்காற்று எல்லாம் டேங்குக்குள் தண்ணீராகத்தான் சேரும். தினமும் மாலையில் டேங்க் அடிக் குழாயைத் திறந்துவிடுங்கள். வருவது பால்போல வெளுத்திருந்தால் கம்ப்ரஸர் எண்ணெயும் கலந்து வருகிறது. அதற்குக் கம்ப்ரஸரைத்தான் பிரிக்க வேண்டும்.