வேர் சிகிச்சையில் சுழல் ஃபைல்கள்: இளம் பல் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஐந்து ரோடு, ஜங்ஷன் பகுதிகளிலுள்ள பல் மருத்துவமனைகளில், வேர் சிகிச்சைக்கான ஃபைலைச் சுழற்றும் எண்டோமோட்டார் இன்று அரிய பொருளன்று. ஆனால் அதில் மாட்டும் ஃபைல், அதாவது பல்லின் வேர்க்குழாயைச் சுரண்டி வடிவமைக்கும் ஊசி போன்ற கருவி, எந்தெந்தத் தடைகளைக் கடந்து இன்றைய வடிவத்தை அடைந்தது என்பதை அறியாமல் கையாளும்போது, அதை உருவாக்கியவர்கள் எவற்றைத் தவிர்க்கப் பாடுபட்டார்களோ அதே தவறுகள் நம் கையால் மறுபடியும் நேர்கின்றன.

வேகமே திறமை என்று எண்ணுவது அவற்றுள் முதன்மையானது. 1838இல் அமெரிக்கரான எட்வர்ட் மேனார்ட் கடிகாரச் சுருள்வில்லைத் தேய்த்து வேர்க்குழாய்க் கருவி செய்தார். 1889இல் வில்லியம் ரோலின்ஸ் ஊசிகளை இயந்திரத்தால் சுழற்றியபோதே, அவை முறியாதிருக்க வேகத்தை நிமிடத்துக்கு 100 சுற்றுகளாகக் கட்டுப்படுத்தினார். 1964இல் வந்த ஜைரோமேட்டிக் என்ற கருவி முழுச் சுற்றையே கைவிட்டு, 90 பாகை அளவுக்கு முன்னும் பின்னுமாக அசைந்தது. முறிவைப் பற்றிய அச்சம் இந்தத் துறையின் தொடக்கத்திலிருந்தே உடன் வருகிறது.

ஏற்காட்டிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வந்தவர், "இன்னிக்கே முடிச்சுடுங்க டாக்டர்" என்று கேட்பது நியாயமே. பல பற்களில் அது இயலவும் செய்யும். அந்த அவசரத்தில் நாம் எதை விட்டுவிடுகிறோம் என்பதே கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் விடுபடுவது கையால் வழி காணும் வேலை. நுனியின் தடிமனைக் குறிக்கும் எண்களில் 10ஆம் எண், பிறகு 15ஆம் எண் கை ஃபைல்கள் வேரின் முழு நீளத்துக்கும் தடையின்றிச் சென்று வந்த பின்னரே மோட்டாரைத் தொட வேண்டும். இந்த வழி இல்லாமல் இறக்கும் சுழல் ஃபைலின் நுனி குறுகிய இடத்தில் சிக்கிக்கொள்ள, தண்டு மட்டும் சுழன்று முறுக்கி அதை ஒடித்துவிடும். ஃபைல் இறங்க மறுத்தால் அழுத்தாமல் வெளியே எடுத்துத் துடைத்து, குழாயைக் கழுவி, மீண்டும் சிறிய கை ஃபைலுக்குத் திரும்புவதே முறை.

சேலம் உருக்காலையால் நம் ஊருக்கு நன்கு பழகிய துருப்பிடிக்காத எஃகுதான் நெடுங்காலம் ஃபைல்களுக்கும் உலோகமாக இருந்தது. அதில் செய்த தடித்த ஃபைல், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் திரும்ப இயலாத நீண்ட லாரியைப் போல, வளைந்த வேரின் வெளிப்புறச் சுவரை உரசி, சுவரில் படி போன்ற வெட்டையோ துளையையோ உண்டாக்கியது. 1988இல் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டைன் ஆகிய ஆய்வாளர்கள் பல் சீரமைப்புக்குப் பயன்படும் நிக்கல்-டைட்டானியம் கம்பியிலிருந்து 15ஆம் எண் ஃபைல் செய்து, அதன் நெகிழ்ச்சி எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு என்று காட்டினார்கள். வளைந்த வேருக்குள் மோட்டாரை நம்பிக்கையுடன் கொண்டுசெல்ல வழிதிறந்தது இந்த உலோகமே.

எனினும் இதற்கு ஒரு குணம் உண்டு. நம்மிடையே மிகுதியாகத் தவறு நேர்வதும் இங்கேதான். எஃகு ஃபைல் முறியும் முன் அதன் புரிகள் பிரிந்து, கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கையைத் தருவது வழக்கம். நிக்கல்-டைட்டானியமோ, வளைவுக்குள் ஒவ்வொரு சுற்றிலும் ஒருபுறம் இழுபட்டும் மறுபுறம் அமுங்கியும் உள்ளுக்குள் களைத்து, வெளியே எந்த அறிகுறியுமின்றி ஒடியக்கூடும். ஆகவே "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் ஒரு பல்லுக்கு வரும்" என்ற கணக்கு ஆபத்தானது. ஒவ்வொரு ஃபைலும் எத்தனை வேர்களுக்குப் பயன்பட்டது என்று எழுதி வைக்க வேண்டும். கடுமையாக வளைந்த ஒரு வேரைக் கடந்ததை அத்துடன் ஒதுக்கிவிட வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத் தயாரிக்கப்பட்ட சில ஃபைல்களின் வண்ண வளையம், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் விரிந்து, மறுபடி மாட்ட முடியாதபடி செய்துவிடும். அந்த வளையத்தைச் சீவிவிட்டு மாட்டுவது மன்னிக்க முடியாத செயல்.

மோட்டாரின் அமைப்பிலும் கவனம் வேண்டும். 2008இல் யாரெட் முன்வைத்த, முன்னும் பின்னுமாகச் சுழலும் முறையைத் தழுவி வந்த பல ஃபைல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டுபவை. அவற்றைத் தொடர்சுழற்சியில் ஓட்டுவதும், ஒரு நிறுவனத்தின் ஃபைலை இன்னொன்றுக்கான டார்க் (முறுக்கு விசை) அளவில் ஓட்டுவதும் கூடாது.

ஃபைல் முழுவதும் சுத்தம் செய்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. வேர்க்குழாயின் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எந்த ஃபைலும் தொடாமலே விடுபடுவதை நுண் சி.டி. படங்கள் காட்டியுள்ளன. அந்த இடங்களுக்குச் செல்வது சோடியம் ஹைப்போகுளோரைட் போன்ற கழுவும் திரவங்களே. மோட்டாரால் வடிவமைப்பு விரைவில் முடிந்துவிடுவதால், திரவம் உள்ளே நின்று வேலை செய்யும் நேரமும் குறைந்துவிடுகிறது; மிச்சமான நிமிடங்களைக் கழுவுவதற்கே கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை வேரில் இறுகாதபடி வைத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். பல்லை வாயின் மற்ற பகுதியிலிருந்து பிரித்து மூடும் ரப்பர் டேம் என்ற விரிப்பு இல்லாமல் தொடங்கவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஃபைல் ஒடிந்தால் அதை மறைப்பதுதான் பெருந்தவறு. துண்டு உள்ளே இருப்பதாலேயே பல் போய்விடாது. அதற்கு முன் வேர் எவ்வளவு சுத்தமாகியிருந்தது என்பதைப் பொறுத்தே பலன் அமையும். நோயாளியிடம் அன்றே சொல்லி, எக்ஸ்-ரேயைக் காட்டி, நுண்ணோக்கி வைத்திருக்கும் வேர் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பலாம்.

வலி நின்றதும் மலையேறிவிட்டவர் அடுத்த அமர்வுக்கு வராமலிருந்தால் தற்காலிக அடைப்பு தேய்ந்து, எச்சில் வழியே கிருமிகள் மீண்டும் உள்ளே இறங்கும். ஆகவே எத்தனை முறை வர வேண்டும், கடைவாய்ப் பல்லுக்குக் கேப் (மேலுறை) ஏன் தேவை, மொத்தச் செலவு என்ன என்பதையெல்லாம் முதல் நாளே, ஃபைலைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.