கடற்காத்துல 190 எஸ்.எல். வண்டியைப் பார்க்கிறதும் பராமரிக்கிறதும்

ரெஸ்டோர் பண்ணின வண்டியைப் பெயின்ட்டை வச்சு எடை போடாதீங்க. பாலிஷ் யாரு வேணா போடலாம். நான் ராயபுரத்துல டிங்கர் வேலை பார்க்கிறவன். மெர்சிடிஸ் பென்ஸ் 190 எஸ்.எல்.னு அந்தக் காலத்து ஜெர்மன் திறந்த கார் ஒண்ணு முன்னாடி வந்து நின்னா, பழைய ஸ்பீக்கர்ல கழட்டின காந்தத்தைத்தான் முதல்ல தேடுவேன்.

காந்தத்தைப் பனியன் துணியில சுத்தி பானெட், ரெண்டு கதவு, டிக்கி மூடி மேல வச்சுப் பாருங்க. ஒட்டக் கூடாது. கம்பெனியில வரும்போதே அந்த நாலும் அலுமினியம். ஒட்டுச்சுன்னா எவனோ இரும்புத் தகட்டை அடிச்சு மாட்டியிருக்கான், விலையைக் குறைச்சுப் பேசுங்க. மட்கார்டு இரும்பு, அதனால அங்க ஒட்டணும். ஒரு இடத்துல கெட்டியாப் பிடிச்சு, அடுத்த சாண்ல நழுவுதுன்னா உள்ள பள்ளத்தை மறைக்கப் பூசின பட்டி தடிமனா இருக்கு. ஹெட்லைட்டைச் சுத்தியும், வீலுக்கு மேல இருக்கிற மேட்டுக்கு அடியிலும் கண்டிப்பா தேச்சுப் பாருங்க. சேறு தங்குற இடம் அதுதான்.

அலுமினியம் ஏன்னு கேட்டா கொஞ்சம் கதை சொல்லணும். நியூயார்க்ல மேக்ஸ் ஹாஃப்மன்னு ஒரு இறக்குமதியாளர். ரேஸ்ல ஜெயிச்ச 300 எஸ்.எல்.லை ரோட்டுக்கு ஏத்த மாதிரி குடுங்க, கூடவே விலை குறைஞ்ச திறந்த வண்டி ஒண்ணும் குடுங்கன்னு கம்பெனியை நச்சரிச்சார். 1954 பிப்ரவரியில நியூயார்க் கண்காட்சியில ரெண்டையும் ஒண்ணா நிறுத்தினாங்க. ஜெர்மனியில பெரியவன் 300 எஸ்.எல். விலை 29,000 மார்க், சின்னவன் நம்ம 190 எஸ்.எல். 16,500. அந்த விலைக்குக் கொண்டுவர 180 செடான் வண்டியோட தளத்தை எடுத்து, வீல்பேஸை, அதாவது முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை, 2,650-ல இருந்து 2,400 மில்லிமீட்டருக்குச் சுருக்கினாங்க. இன்ஜின் 1,897 சி.சி., நாலு சிலிண்டர், 105 குதிரைத்திறன். அந்த சக்திக்கு உடம்பு கனம்தான், அதனால மூடிகளை அலுமினியத்துல போட்டு எடையைக் குறைச்சாங்க. 1955 மே மாசம் ஆரம்பிச்சு 1963 பிப்ரவரி வரைக்கும் 25,881 வண்டி. முகம் பெரியவனோடது, ஓட்டம் அப்படி இல்ல. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல அது ஒரு குறையே இல்ல.

நம்ம ஏரியாவுல தலைவலியே இந்த அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கிற இடம். காசிமேட்டுப் பக்கத்து உப்புக் காத்து ஈரமா உள்ள போச்சுன்னா, ரெண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்யும். கரையறது அலுமினியம். கீல், பூட்டு இருக்கிற ஓரத்துல பெயின்ட் கொப்புளிச்சிருந்தா நகத்தால அழுத்துங்க. வெள்ளைப் பொடி கொட்டுச்சுன்னா அலுமினியம் போகுது, பழுப்பா வந்தா இரும்பு.

சரி பண்ணணும்னா பாகத்தைக் கழட்டியே ஆகணும், மேல பெயின்ட் அடிச்சு மூடுறது வேலையே இல்ல. வெள்ளைப் பொடியை நைலான் பிரஷ்ஷால தேச்சு எடுங்க. கம்பி பிரஷ் போட்டா இரும்புத் தூள் அலுமினியத்துல பதிஞ்சு, அங்கிருந்தே மறுபடி அரிக்கும். நைஸ் உப்புத்தாள் போட்டு, எபாக்ஸி பிரைமர் ரெண்டு பக்கமும் அடிச்சு நல்லா காய விடுங்க. மாட்டும்போது நடுவுல மெல்லிசா பிளாஸ்டிக் ஷீட், போல்ட்டுக்கு நைலான் வாஷர். துத்தநாக முலாம் பூசின போல்ட்டே போதும். "அண்ணே, எஸ்.எஸ். போட்டுடுங்க, துருவே வராது"ன்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் கேட்கிறவங்க நிறைய பேர். போல்ட்டுக்கு வராது, சரிதான். உப்பு ஈரத்துல அது சுத்தியிருக்கிற அலுமினியத்தைத் தின்னுடும்.

கழுவறதுல ஒரே விஷயம். கடலோரத்து போர் தண்ணியே உப்பு, அதை வண்டி மேல ஊத்தாதீங்க. மெட்ரோ தண்ணி ரெண்டு பக்கெட் போதும். கதவுக்கு அடியில தண்ணி வடியற ஓட்டையைக் குத்திவிட சைக்கிள் கம்பி ஒண்ணு டிக்கியிலயே கிடக்கட்டும். தார்பாய் போட்டு மூடினா ஈரம் உள்ளயே நிக்கும், காட்டன் கவர் வாங்குங்க. போகி மறுநாள் கரி படிஞ்சிருக்கும்போது காஞ்ச துணியால துடைச்சீங்கன்னா போட்ட பாலிஷ் எல்லாம் கீறல்தான், தண்ணி விட்டு இறக்குங்க.

இன்ஜின்ல ரெட்டை சோலெக்ஸ் கார்பரேட்டர். த்ராட்டில் தண்டு தேஞ்சு காத்து இழுத்தா ஐட்லிங் ஏறி இறங்கும். நிறைய பேர் அதைக் கழட்டிட்டு வெபர்ங்கிற வேற கம்பெனி கார்பரேட்டரை மாத்திடுறாங்க. ஓட்டுறதுக்கு நல்லதுதான், தப்பே சொல்ல மாட்டேன். ஆனா பழைய சோலெக்ஸை இரும்புக் கடைக்குப் போடாம துணியில சுத்திப் பெட்டியில வைங்க. அடுத்து வாங்குறவன் முதல்ல அதைத்தான் கேட்பான். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம். அது பழைய ரப்பரை ஊற வச்சுடும், ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் ரெண்டையும் எத்தனால் தாங்குற ரகத்துல மாத்திடுங்க. மாசக்கணக்கா நிறுத்தப் போறீங்கன்னா கார்பரேட்டர் கிண்ணத்தைக் காலி பண்ணிடுங்க.

நாலு வீலும் டிரம் பிரேக். பேசின் பிரிட்ஜ் பக்கம் தேங்கின தண்ணியில இறங்கி ஏறினா கொஞ்ச தூரம் பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே போய்க் காய வைங்க. முன்னாடி வீல் திரும்புற அச்சு, அதாவது கிங்பின்னுக்கு மழைக்காலம் முடிஞ்சதும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளிய வர்ற வரைக்கும் கிரீஸ் கன் அடிங்க.

பேப்பர் வேலைக்கு முன்னாடி சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் கண்ணால பாருங்க, ரெண்டுமே 121-ல ஆரம்பிக்கணும். 2021-ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்தோட விண்டேஜ் நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். சேஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது, அதனால காந்தம் சொன்னதை அப்பவும் ஞாபகம் வச்சுக்கோங்க. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு எடுக்கலாம். தினமும் ஓட்டவோ, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடவோ அந்த நம்பர்ல இடம் இல்ல.