யார்க் நகரத்தை ஒரு நாளில் நடந்தே படிப்பது எப்படி

இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் யார்க்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ரயிலை விட்டு இறங்கியதும் யார்க் மின்ஸ்டர் என்ற பேராலயத்துக்கு ஓடுகிறார்கள். என்னைப் பார்க்க வரும் உறவினர்களை நான் அப்படிக் கூட்டிப்போவதில்லை. இங்கே அரசர் மாறினால் சாமி கும்பிடும் முறையும் மாறியது, அதில் பலர் உயிரை விட்டார்கள். அது புரிய வேண்டுமானால் இடிந்ததை முதலில் பாருங்கள், நிமிர்ந்து நிற்பதை அப்புறம்.

எனவே மியூசியம் கார்டன்ஸ் என்ற பூங்காவில் தொடங்குங்கள். நுழைய இலவசம். கி.பி. 71-இல் ரோமானியர் கோட்டை போட்ட ஊர் இது. பூங்காவில் நிற்கும் அவர்களுடைய பல்கோணக் கோபுரத்தில் கீழே இருக்கும் சிறு கற்கள் ரோமானியர் வைத்தவை, மேலே உள்ள பெரியவை இடைக்காலத்தவை. ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து புனித மரியாள் மடம். கூரை இல்லாத சுவரும் ஜன்னல் வளைவுகளும்தான் மிச்சம். அரசர் எட்டாம் ஹென்றி மடங்களை மூடத் தொடங்கியபோது, 1536-இல் வடக்கு மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தலைமை ஏற்றவர் ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞர். அடுத்த ஆண்டு அவரை இதே ஊரில் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். 1539-இல் மடம் அரசர் கைக்குப் போனது. பக்கத்திலேயே இருக்கும் கிங்ஸ் மேனர் மடாதிபதியின் வீடாக இருந்தது. பிறகு வடக்கை ஆள அரசர் வைத்த மன்றம் அங்கே குடியேறியது. வாசலுக்கு மேலே முதலாம் சார்ல்ஸின் அரசச் சின்னம் இருக்கும், நின்று பாருங்கள்.

இப்போது பூதம் பார் (Bootham Bar; இங்கே ‘பார்’ என்றால் நகர வாசல்) வழியாகப் பேராலயத்துக்குப் போகலாம். டிக்கெட் உண்டு, கொடுத்துப் போங்கள். 1405 முதல் 1408 வரை ஜான் தோர்ன்டன் செய்த கிழக்கு ஜன்னலில் 311 வண்ணக் கண்ணாடிப் பலகங்கள் இருக்கின்றன. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1644-இல் நாடாளுமன்றப் படை முற்றுகையிட்டு நகரத்தைப் பிடித்தது. அந்தக் காலத்தில் எத்தனையோ ஆலயங்களில் கண்ணாடியை உடைத்தார்கள். இங்கே அது தப்பியதற்குத் அந்தப் படையின் தளபதி ஃபேர்ஃபாக்ஸ் முக்கியக் காரணம். அவர் இந்த மாவட்டத்துக்காரர். அந்த மனிதருக்காக நான் மனதுக்குள் ஒரு நன்றி சொல்லாமல் வெளியே வந்ததில்லை. பக்கத்துச் சிறிய ஆலயத்தில்தான் 1570-இல், பின்னாளில் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்த கை ஃபாக்ஸுக்கு ஞானஸ்நானம் நடந்தது.

ஷாம்பிள்ஸ் தெருவில் கூட்டம் நெரியும். ஹாரி பாட்டர் ரசிகர்களுக்கான மந்திரக்கோல் கடைகளைத் தாண்டி, மார்கரெட் கிளிதெரோவின் சிறு ஆலயத்தைத் தேடுங்கள். கசாப்புக்காரரின் மனைவி. கத்தோலிக்கம் தடைபட்டிருந்த முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் கத்தோலிக்கக் குருக்களை வீட்டில் ஒளித்து வைத்தார். பிடிபட்டதும் குற்றம் பற்றி எந்தப் பதிலும் சொல்ல மறுத்துவிட்டார். காரணம், விசாரணை நடந்தால் அவர் பிள்ளைகளே சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். 1586 மார்ச் 25 அன்று, கதவு ஒன்றை அவர் மேல் வைத்துப் பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். 1970-இல் புனிதரானார்.

அடுத்து கிளிஃபோர்ட் கோபுரம். படிகளில் ஏறுவதற்கு முன் கீழே இருக்கும் நினைவுப் பலகையைப் படியுங்கள். 1190 மார்ச் 16 அன்று, வெறிகொண்ட கூட்டத்துக்குப் பயந்து இங்கே அடைக்கலம் புகுந்த சுமார் 150 யூதர்கள் இறந்தார்கள். பலர் தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பின்னர் அந்தக் கூட்டம் பேராலயத்துக்குப் போய், அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தியது. வெறுப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அதிலேயே தெரிகிறது. இப்போது நிற்கும் கல் கோபுரம் பிறகு வந்தது, அன்று இருந்தது மரக் கோபுரம்.

ஊஸ் பாலத்தைத் தாண்டி மிக்கிள்கேட் பார் வரை நடங்கள். 1460-இல் அரியணைப் போரில் கொல்லப்பட்ட யார்க் கோமகன் ரிச்சர்டின் வெட்டிய தலையை வைத்த வாசல் இது. அதற்கு வெளியே பார் கான்வென்ட். கத்தோலிக்கம் தடைபட்டிருந்த 1686-இல் கன்னியர் தொடங்கியது. அதன் சிற்றாலயத்தின் குவிமாடம் தெருவிலிருந்து தெரியாதபடி ஓட்டுக் கூரைக்கு அடியில் மறைந்திருக்கிறது. மார்கரெட்டின் கை என்று போற்றப்படும் திருப்பண்டமும் அங்கேதான் இருக்கிறது.

திரும்பும்போது மிக்கிள்கேட் பாரில் நகரச் சுவர் மீது ஏறிவிடுங்கள், ஸ்டேஷன் பக்கத்திலேயே இறங்கலாம். இருட்டினால் சுவரின் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள், குளிர்காலத்தில் சீக்கிரம் கிளம்புங்கள்.