டேலியில் வருஷக் கணக்கை முடிப்பது எப்படி? 2025-26 குளோசிங், படிப்படியாக

மார்ச் பிறந்தால் போதும், "டேலியில் வருஷத்தை குளோஸ் பண்ண எந்த பட்டனை அழுத்தணும்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலி பிரைமில் அப்படி ஒரு பட்டன் கிடையாது. ஆல்ட்+எஃப்2 போட்டுக் காலத்தை மாற்றிவிட்டு ஏப்ரல் 1 தேதியில் என்ட்ரி போட ஆரம்பித்தால் பேலன்ஸ் எல்லாம் தானாக அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். சிக்கலும் அங்கேதான். தப்பான பேலன்ஸும் ஒரு சத்தம் போடாமல் கூடவே போய்விடும்.

ஆகவே குளோசிங் என்றால் என் கணக்கில் ஒன்றே ஒன்றுதான்: பேலன்ஸ் ஷீட்டில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் டேலிக்கு வெளியே ஒரு ஆதாரம் இருக்க வேண்டும். பேங்க் லெட்ஜருக்கு ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி லெட்ஜருக்கு போர்ட்டல், டிடிஎஸ்ஸுக்கு (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) 26ஏஎஸ் என்ற வருமான வரித் துறைப் பட்டியல், ஸ்டாக்குக்கு குடோன். டேலிக்குள் இருக்கும் ஒரு ரிப்போர்ட்டை இன்னொரு ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை, இரண்டும் ஒரே என்ட்ரியில் இருந்து வருபவை.

திருப்பூர் பனியன் கம்பெனி கணக்கை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வவுச்சர் போட, லெட்ஜர் திறக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. பேக்கப்

ஆல்ட்+ஒய், பேக்கப். ஒரு காப்பி பென் டிரைவில், இன்னொன்று ஆபீஸுக்கு வெளியே. எடுத்ததோடு நிற்காமல் வேறு ஒரு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். ஓடுகிற டேட்டா இருக்கும் ஃபோல்டரிலேயே ரீஸ்டோர் செய்ய வேண்டாம், அதன் மேலேயே எழுதிவிடும்.

"கம்பெனியை ஸ்பிளிட் பண்ணணுமா?", அதாவது புது வருஷத்துக்கு டேட்டாவைத் தனி கம்பெனியாகப் பிரிக்கணுமா என்றால், வேண்டாம். டேட்டா மிகவும் பெருத்து மெதுவாகிவிட்டால் ஒழிய வருஷா வருஷம் ஸ்பிளிட் செய்வது வீண் வேலை. ஆடிட்டர் செப்டம்பரில் ஒரு என்ட்ரி சொன்னால், பழைய கம்பெனியில் அதைப் போட்டுவிட்டு, புதிய கம்பெனியில் ஓப்பனிங்கைக் கையால் திருத்திக்கொண்டு உட்கார வேண்டும்.

2. குப்பை பெருக்குதல்

எக்ஸெப்ஷன் ரிப்போர்ட்டுகளைத் திறந்து நெகட்டிவ் கேஷ், நெகட்டிவ் ஸ்டாக், ஆப்ஷனல் வவுச்சர், மெமோரண்டம் (இரண்டும் கணக்கில் ஏறாமல் நிற்பவை), போஸ்ட் டேட்டட் எல்லாவற்றையும் பாருங்கள். புரொஃபார்மாவாக ஆப்ஷனலில் போட்டு, சரக்கும் போய், பணமும் வந்து, சேல்ஸில் ஏறாமலே நிற்கும் பில் ஒன்றிரண்டு இங்கே அகப்படும். டிரையல் பேலன்ஸில் 'டிஃபரன்ஸ் இன் ஓப்பனிங் பேலன்சஸ்' என்ற வரி தெரிந்தால் அதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். சஸ்பென்ஸ் லெட்ஜரும் அப்படித்தான்.

3. பேங்க்

ரீகன்சிலியேஷன், அதாவது ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்ப்பது, செய்யத் தெரியும்தானே. மூன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நாம் கொடுத்து இன்னும் பாஸ் ஆகாத செக்குகளின் தேதியைப் பாருங்கள். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம். டிசம்பர் செக் மார்ச் 31இலும் நிலுவையில் இருந்தால் அது வெறும் காகிதம், திருப்பிப் பார்ட்டி கணக்கிலேயே வரவு வைக்க வேண்டும். இரண்டாவது, சிசி (கேஷ் கிரெடிட் கடன்) கணக்கில் மார்ச் 31 அன்று பிடிக்கும் வட்டி. மூன்றாவது எஃப்டி வட்டி: கைக்கு வராவிட்டாலும் மார்ச் வரை சேர்ந்த வட்டியை வருமானமாகக் காட்ட வேண்டும். அதற்கு பேங்க் டிடிஎஸ் பிடித்திருக்கும். ஆனால் நான்காம் காலாண்டு ரிட்டர்னுக்கு மே 31 வரை கெடு இருப்பதால், ஏப்ரலில் 26ஏஎஸ் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். ஜூனில் இன்னொரு முறை பாருங்கள்.

4. ஜிஎஸ்டி: நேரம் போவது இங்கேதான்

புதியவர்கள் பலர் மாதா மாதம் 3பி (வரி கட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போடுவார்கள், ஆனால் அதற்கான செட் ஆஃப் ஜர்னலை (அவுட்புட் வரியில் இன்புட் வரியைக் கழிக்கும் என்ட்ரி) டேலியில் போட மாட்டார்கள். வருஷக் கடைசியில் இன்புட் லெட்ஜரில் பல லட்சம் டெபிட், அவுட்புட் லெட்ஜரில் பல லட்சம் கிரெடிட் என்று இரண்டும் மலைபோல் நிற்கும். முதலில் ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு ஜர்னலும் இருக்கிறதா என்று பாருங்கள். மார்ச் மாத 3பியை ஏப்ரல் 20க்குள்தான் தாக்கல் செய்வோம், ஆனால் ஜர்னலின் தேதி மார்ச் 31 ஆக இருக்க வேண்டும்.

அதன்பின் ஒப்பீடு. மார்ச் 3பி தாக்கல் செய்தபின் போர்ட்டலின் கிரெடிட் லெட்ஜரில் மிஞ்சும் தொகையும், மார்ச் 31இல் டேலியின் இன்புட் லெட்ஜர் பேலன்ஸும் ஒன்றாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு டேலியில் 1,86,400 ரூபாய், போர்ட்டலில் 1,58,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 28,200. இதை மொத்தமாக 'ரவுண்ட் ஆஃப்' லெட்ஜரில் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், பிரித்துப் பாருங்கள்.

21,600 ரூபாய்: மார்ச் 29 தேதியிட்ட 4,32,000 ரூபாய் நூல் பில்லின் 5 சதவீத வரி. சப்ளையர் ஏப்ரல் 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) போடவில்லை, அதனால் 14ஆம் தேதி வந்த மார்ச் 2பியில் (சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து போர்ட்டல் தரும் கிரெடிட் பட்டியல்) பில் இல்லை. இதை 'ஐடிசி, 2பியில் வராதது' என்று (ஐடிசி என்றால் இன்புட் வரி கிரெடிட்) நடப்புச் சொத்தில் தனி லெட்ஜர் திறந்து அதற்கு மாற்றுங்கள். 2பியில் வரும் மாதம் இன்புட்டுக்குத் திருப்பிக்கொள்ளலாம். 2025-26 பில்லுக்கான கடைசிக் கெடு 2026 நவம்பர் 30. அதற்கு முன்பே வருடாந்திர ரிட்டர்ன் போட்டுவிட்டால் அதோடு முடிந்தது.

5,400 ரூபாய்: ஓனர் காரை சர்வீஸ் விட்ட 30,000 ரூபாய் பில்லின் 18 சதவீதம். இதற்கு கிரெடிட் கிடையாது. 3பியில் சரியாக விட்டுவிட்டு, டேலியில் மட்டும் இன்புட்டில் போட்டிருக்கிறார்கள். செலவுக் கணக்குக்குப் போக வேண்டியது.

மீதி 1,200: 24,000 ரூபாய் நிட்டிங் பில் ஒன்று இரண்டு முறை ஏறியிருக்கிறது. ஒரு தடவை பில் நம்பர் '0045', இன்னொரு தடவை '45'. டேலிக்கு இரண்டும் வேறு வேறு பில்தான்.

இப்படி வருவதைத் தடுக்க ஒரே வழி, சப்ளையர் பில்லில் பூஜ்யம், கோடு எப்படி இருக்கிறதோ அப்படியே அடிப்பது. 2பியை டேலிக்குள்ளேயே இறக்கி ஒப்பிடும் வசதி வெர்ஷன் 3.0 முதல் இருக்கிறது. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். எக்செலில் வி-லுக்கப் ஃபார்முலா போட்டுத்தான் பார்ப்பேன் என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை, ஆனால் வருஷம் முழுவதையும் ஒரே மூச்சில் எக்செலில் ஒப்பிடுவது மனுஷன் செய்கிற வேலை இல்லை.

இந்த வருஷத்துக்கென்றே ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறின. 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 வரை விலையுள்ள ஆடைக்கு முன்பு 12, இப்போது 5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் போட்ட பில்லுக்கு இப்போது கிரெடிட் நோட் கொடுத்தாலும் பழைய 12 சதவீதத்தில்தான் கொடுக்க வேண்டும். ஸ்டாக் ஐட்டம் மாஸ்டரில் புதிய விகிதம் இருப்பதால் டேலி 5 என்று காட்டும், கவனியுங்கள்.

5. ஸ்டாக்

திருப்பூரில் நம் சரக்கு முழுவதும் நம் குடோனில் இருப்பதே இல்லை. நூல் நிட்டிங்கில், துணி டையிங்கில், இன்னொரு லாட் காம்பேக்டிங்கில். மார்ச் 31 அன்று வெளியே கிடக்கிற எல்லாமே நம் குளோசிங் ஸ்டாக்தான். ஒவ்வொரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் டேலியில் தனி குடோன் திறந்து, டிசி (டெலிவரி சலான்) போடும்போதே அந்த குடோனுக்கு மாற்றிவிடுங்கள். வருஷக் கடைசியில் அவர்களிடம் கையெழுத்தோடு கிலோ கணக்கு வாங்குங்கள். டேலியில் 1,000 கிலோ காட்டி, அவர் 960 என்று எழுதிக் கொடுத்தால், அந்த 40 கிலோ புராசஸ் லாஸா, எழுதாமல் திரும்பி வந்த பீஸா என்று அன்றைக்கே பேசி முடிவு செய்ய வேண்டும். மே மாதம் கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது.

ஸ்டாக்கைக் கணக்கில் தனியாக வைத்திருப்பவர்கள், அதாவது அக்கவுண்ட்ஸை இன்வென்டரியோடு இணைக்காதவர்கள், ஸ்டாக் இன் ஹேண்ட் லெட்ஜரில் மார்ச் 31 தேதி போட்டு மதிப்பைக் கையால் தர வேண்டும். தராவிட்டால் ஓப்பனிங் தொகையே குளோசிங்கிலும் நிற்கும், லாபம் கன்னாபின்னாவென்று வரும்.

லாப சதவீதம் போன வருஷம் மாதிரி வரவேண்டும் என்று ஸ்டாக்கை ஏற்றி இறக்கும் பழக்கம் இருந்தால் இந்த வருஷமாவது விட்டுவிடுங்கள். பேங்குக்கு மார்ச் மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட் ஏற்கனவே போயிருக்கும். கம்பெனியாக இருந்து 5 கோடிக்கு மேல் பேங்க் லிமிட் இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

6. டிடிஎஸ், சிறு தொழில் பாக்கி

ஜாப் ஒர்க் பில்லுக்கு ஒரே பில் 30,000 தாண்டினாலோ வருஷ மொத்தம் ஒரு லட்சம் தாண்டினாலோ பிடிக்க வேண்டும், தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் (எச்யூஎஃப்) 1, மற்றவர்களுக்கு 2 சதவீதம். சின்னச் சின்ன பில்லாக வந்து மார்ச்சில் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறவர்களைத் தனியாகப் பட்டியல் எடுங்கள், மொத்தத் தொகைக்கும் பிடிக்க வேண்டிவரும். மார்ச் மாத டிடிஎஸ் கட்ட ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு.

பாக்கி தர வேண்டியவர்களில் உத்யம் (சிறு தொழில்) பதிவுள்ள மைக்ரோ, ஸ்மால் உற்பத்தி அல்லது சேவை யூனிட்டுகள் யார் என்று பிரியுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள் (அதிகபட்சம் 45), இல்லையென்றால் 15. இதைத் தாண்டி மார்ச் 31இல் பாக்கி நின்றால் வருமான வரிச் சட்டம் 43பி(எச்) படி அந்தச் செலவை இந்த வருஷம் கழிக்க முடியாது, பணம் கொடுக்கும் வருஷத்தில்தான். ஓனரிடம் இந்தப் பட்டியலை மார்ச் 20க்குள் கொடுத்தால் பிரயோஜனம். ஏப்ரலில் கொடுத்தால் அது வெறும் தகவல்.

7. வருஷக் கடைசி ஜர்னல்கள்

மார்ச் கரண்ட் பில், வாடகை, சம்பளம், ஆடிட் ஃபீஸ் என்று வர வேண்டிய செலவுகளுக்கு புரொவிஷன். புரொவிஷன் போடும்போதே டிடிஎஸ்ஸும் பிடிக்க வேண்டும் என்பது பலருக்கு நினைவுக்கு வராது. முன்கூட்டிக் கட்டியதைப் பிரிப்பது: நவம்பர் 1இல் மெஷின் இன்சூரன்ஸ் 60,000 கட்டியிருந்தால் மார்ச் வரை ஐந்து மாதம், 25,000 இந்த வருஷச் செலவு, 35,000 பிரீபெய்டு.

தேய்மானத்தை ஆடிட்டர் போட்டுக்கொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது மெஷின் எந்தத் தேதியில் ஓட ஆரம்பித்தது என்ற விவரத்தைக் கொடுப்பது. வருமான வரிக் கணக்கில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதித் தேய்மானம்தான். அக்டோபர் 3க்குள் ஓட ஆரம்பித்ததற்கு முழுசு, 4ஆம் தேதி ஆரம்பித்தது என்றால் பாதி. பில் தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

8. புதிய பில் நம்பர்: ஏப்ரல் 1 காலைக்கு முன்

பில் நம்பர் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனித்ததாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றெழுத்துக் கம்பெனிச் சுருக்கம், சாய்கோடு, 2026-2027, சாய்கோடு, நான்கு இலக்க எண். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எண்ணினால் 18. போர்ட்டல் வாங்காது. 26-27 என்று சுருக்கினால் 14, போதும்.

சேல்ஸ் வவுச்சர் டைப்பை ஆல்டர் செய்து, கூடுதல் நம்பரிங் விவரத்துக்குள் போங்கள். ரீஸ்டார்ட் பகுதியில் 1-4-2026, தொடக்க எண் 1, வருடாந்திரம். பிரிஃபிக்ஸ் பகுதியில் போன வருஷ வரி இருக்கும். அதைத் திருத்தாதீர்கள், அதன் கீழே 1-4-2026 தேதியோடு புது வரி சேருங்கள். அப்போதுதான் ஏப்ரல் 3 அன்று உட்கார்ந்து மார்ச் 31 பில் போட்டாலும் அது பழைய வரிசையில் விழும். கிரெடிட் நோட், டெபிட் நோட், டிசி மூன்றுக்கும் இதையே செய்யுங்கள். ஏற்றுமதி செய்பவர்கள் புதிய வருஷ எல்யூடியையும் (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிமொழி) மார்ச்சிலேயே போர்ட்டலில் போட்டுவிடுங்கள்.

9. பூட்டு

ஆடிட்டர் சொன்ன என்ட்ரி எல்லாம் போட்டபின், ஆல்ட்+கே, யூசர் ரோல்ஸ். என்ட்ரி போடுகிறவரின் ரோலில் பேக் டேட்டட் (பழைய தேதி) வவுச்சருக்கான கட் ஆஃப் தேதியை 31-3-2026 ஆக வையுங்கள். அட்மின் பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் 2023 ஏப்ரல் முதல் எடிட் லாக் கட்டாயம், ஆகவே யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது எப்படியும் பதிவாகும்.

சேர்த்தது (1): பார்ட்னர்ஷிப் கணக்கு பார்க்கும் சிலர் கேட்டதால். பார்ட்னர் சம்பளம், கேபிட்டல் வட்டி இவற்றுக்கு 2025 ஏப்ரல் முதல் 194T படி 10 சதவீத டிடிஎஸ் வந்துவிட்டது, ஒரு பார்ட்னருக்கு வருஷம் 20,000 தாண்டினால். வழக்கமாக இந்த ஜர்னலை ஆடிட்டர் செப்டம்பரில் சொல்லி, நாம் மார்ச் 31 தேதியில் போடுவோம். தேதி மார்ச் 31 என்றால் டிடிஎஸ் கட்டும் கெடு ஏப்ரல் 30, செப்டம்பரில் கட்டினால் வட்டி. அதனால் தோராயத் தொகையையாவது மார்ச்சிலேயே ஆடிட்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

சேர்த்தது (2): பேலன்ஸ் ஷீட்டில் 'அன்அட்ஜஸ்டட் ஃபாரெக்ஸ் கெயின்/லாஸ்' என்ற வரி போகவே மாட்டேன் என்கிறது என்று ஏற்றுமதிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். சாதாரண ஜர்னலில் அது போகாது. ஜர்னல் வவுச்சர் டைப்பில் ஒரு கிளாஸ் திறந்து, ஃபாரெக்ஸ் லாப நஷ்ட அட்ஜஸ்ட்மென்டுக்கு 'எஸ்' கொடுங்கள். கரன்சி மாஸ்டரில் மார்ச் 31 ரேட்டைப் போட்டபின், அந்த கிளாஸில் பார்ட்டி பெயரைத் தேர்ந்தால் தொகையை டேலியே கொண்டுவரும்.

சேர்த்தது (3): 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. 194சி, 194ஜே என்று நாம் பழகிய பிரிவு எண்கள் மாறுகின்றன, சம்பளம் தவிர்த்த டிடிஎஸ் எல்லாம் 393க்குள் போகிறது. மார்ச் 31 வரையான என்ட்ரிகளுக்குப் பழைய பிரிவுகளே. ஏப்ரலின் முதல் டிடிஎஸ் என்ட்ரிக்கு முன் டேலியை அப்டேட் செய்துவிடுங்கள். செய்யும் முன் இன்னொரு பேக்கப்.