பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காமல் வங்கிக் கணக்கை பட்ஜெட் சாஃப்ட்வேரில் ஏற்றுவது எப்படி

பாம்பனில் மச்சானுடைய விசைப்படகுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். டீசல், ஐஸ், வலைச் சாமான், வியாபாரி போடும் பணம் என்று பாதிக்கு மேல் இப்போது யுபிஐ-யில் ஓடுவதால் மாதம் நூற்றைம்பது, இருநூறு வரிகள் ஸ்டேட்மென்டில் சேர்ந்துவிடும். அதைக் கையால் ஏற்ற உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். பிரவுசர் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல் ஒன்றை வைத்துச் செய்தால் கால் மணி நேரம்தான். படகுக் கணக்கு என்றில்லை, கீழக்கரையில் வளைகுடாவிலிருந்து வரும் பணத்தை வைத்து வீட்டுச் செலவு பார்ப்பவர்களுக்கும் இதே வழிதான்.

நான் வைத்திருப்பது ஆக்சுவல் பட்ஜெட் என்ற வரவு செலவு சாஃப்ட்வேர். இலவசம், மூலநிரல் திறந்தது, கணக்கு நம் கணினியிலேயே இருக்கும். ஆனால் அதில் உள்ள நேரடி வங்கி இணைப்பு வெளிநாட்டு வங்கிகளை வைத்துச் செய்தது, நம் வங்கிகளுக்கு உதவாது. சரி, நம் கணக்கு விவரத்தை வங்கியிலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குக் கொண்டுபோய்த் தர இந்தியாவில் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். ரிசர்வ் வங்கி 2016-இல் விதி போட்டு, 2021 செப்டம்பரில் பெரிய வங்கிகள் சில சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், நம் சம்மதம் இல்லாமல் ஒரு வரி நகராது, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் தகவலைப் பெறும் இடத்தில் ரிசர்வ் வங்கி, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி போன்ற ஓர் ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் பதிந்த நிறுவனம்தான் இருக்க முடியும். நம் வீட்டு லேப்டாப்பில் ஓடும் சாஃப்ட்வேர் அந்த வரிசையில் நிற்க முடியாது. அதனால்தான் எக்ஸ்டென்ஷன்.

எக்ஸ்டென்ஷனில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று நெட் பேங்கிங் பெயரையும் பாஸ்வேர்டையும் நம்மிடம் வாங்கி, தானே உள்ளே போய் எடுத்து வரும். அதைத் தொடவே வேண்டாம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையில் தெளிவாக இருக்கிறது: பாஸ்வேர்ட் மாதிரியான விவரத்தை நாமே பகிர்ந்து, அதனால் பணம் போனால், வங்கிக்குச் சொல்லும் வரைக்கும் ஆன நஷ்டம் முழுக்க நம்முடையது. இரண்டாவது ரகத்தில் நாம் வழக்கம்போல லாகின் செய்து, ஓடிபி போட்டு, ஸ்டேட்மென்ட் பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் அட்டவணையை மட்டும் அது படித்து சிஎஸ்வி கோப்பாக (எக்செல் மாதிரியான எதிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கித் தரும். நமக்கு வேண்டியது இதுதான்.

இந்த இரண்டாவது ரகத்திலும் எதற்கெல்லாம் அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். குரோமில் எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்தில் தள அணுகல் என்ற இடம் இருக்கும், அங்கே எல்லாத் தளங்களிலும் என்று இருந்தால், கிளிக் செய்யும்போது மட்டும் என்று மாற்றுங்கள், இல்லையென்றால் உங்கள் வங்கியின் முகவரியை மட்டும் கொடுங்கள். முடிந்தால் வங்கிக்கென்றே தனி பிரவுசர் ப்ரொஃபைல் ஒன்று உருவாக்கி அதில் இந்த ஒன்றைத் தவிர வேறு எக்ஸ்டென்ஷனே வைக்காதீர்கள். இது அதிகப்படியான பயம் இல்லை. தி கிரேட் சஸ்பெண்டர் என்று லட்சக்கணக்கானவர்கள் வைத்திருந்த ஒரு எக்ஸ்டென்ஷன் 2020-இல் வேறு கைக்கு மாறியது, 2021 பிப்ரவரியில் தீங்கு செய்யும் நிரல் இருக்கிறதென்று கூகுளே அதை எடுத்துவிட்டது. நேற்று வரை நல்லதாக இருந்தது நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்டேட்டுக்குப் பிறகு புதிதாக அனுமதி கேட்டால் ஒத்துக்கொள்வதற்கு முன் ஏன் கேட்கிறது என்று யோசியுங்கள்.

நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஸ்டேட்மென்ட் பக்கம் முழுசாகத் திறந்த பிறகு வைஃபையை அணைத்துவிட்டு எக்ஸ்டென்ஷனை அழுத்துவேன். அப்போதும் கோப்பு இறங்கினால் வேலை நம் கணினிக்குள்ளேயே நடக்கிறது என்று அர்த்தம். பிழை காட்டினால் நம் வரிகள் எங்கேயோ ஒரு சர்வருக்குப் போய்த் திரும்புகின்றன என்று சந்தேகப்படலாம். இது முழு உத்தரவாதம் ஆகாது, ஆனால் மோசமானவற்றை முதல் நிமிடத்திலேயே கழித்துவிடும்.

இன்னொன்று, சில வங்கிகளில் பார்க்க மட்டும் உரிமை உள்ள நெட் பேங்கிங் கொடுக்கிறார்கள், பணம் அனுப்ப முடியாது. கிளையில் கேட்டுப் பாருங்கள், கணக்கு எழுதுகிற ஆளுக்கு அது போதும்.

லேப்டாப் வேண்டும். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது, ஃபோனில்தான் செய்வேன் என்றால் ஃபயர்ஃபாக்ஸில் முயலலாம், ஆனால் சின்னத் திரையில் வங்கி அட்டவணை படுத்தும். பக்கத்தைத் திறந்ததும் முதலில் தேதி வரம்பைப் போடுங்கள், அப்புறம் ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி காட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம்தான் காட்டும், எக்ஸ்டென்ஷன் திரையில் இருப்பதைத்தான் எடுக்கும், அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று போய் ஒவ்வொன்றிலும் அழுத்த வேண்டியிருக்கும். நடுவில் டீ குடிக்கப் போனால் வங்கி வெளியே தள்ளிவிடும்.

இப்போது ஆக்சுவலில் அந்தக் கணக்கைத் திறந்து இம்போர்ட் கொடுத்து கோப்பைக் காட்டுங்கள். கோப்பின் மேலே பெயர், முகவரி, கணக்கு எண் என்று சில வரிகள் இருந்தால் அத்தனை வரியைத் தாண்டு என்று சொல்லும் இடம் இருக்கிறது. நம் வங்கிகள் பற்றும் வரவும் தனித்தனிப் பத்தியாகத் தருவதால் தொகையை வரவு, செலவு என இரண்டாகப் பிரிக்கும் தேர்வையும் போட வேண்டும்.

தேதியில்தான் கவனம் வேண்டும். முதல் வருடம் நான் வேறொரு சாஃப்ட்வேரில் தேதி வடிவத்தைப் பார்க்காமல் ஏற்றிவிட்டேன். அது 05/07 என்பதை ஜூலை 5 என்று எடுக்காமல் அமெரிக்கக் கணக்கில் மே 7 என்று எடுத்துக்கொண்டது. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடக்கும். மச்சான் திரையைப் பார்த்த உடனே கேட்டார்: "மே மாசத்துல ஏது மாப்ள எறா காசு?" அவர் கேட்கவில்லையென்றால் அந்த வருடக் கணக்கு முழுக்கக் கோணலாகவே போயிருக்கும். 12-ஆம் தேதிக்கு மேல் உள்ள வரிகள் பிழை காட்டும், அதனால் தெரிந்துவிடும். 12-க்குள் உள்ளவை சத்தமில்லாமல் வேறு மாதத்தில் போய் உட்காரும். எனவே நாள், மாதம், வருடம் என்ற வரிசையை நீங்களே தேர்ந்தெடுத்து, முன்னோட்டத்தில் முதல் ஐந்து வரிகளை வங்கிப் பக்கத்தோடு வைத்துப் பார்த்த பிறகு ஏற்றுங்கள்.

அடுத்தது யுபிஐ வரி. வங்கி தரும் விவரம் சாய்கோடுகளோடு நீளமாக வரும்: யுபிஐ, பற்று, 12 இலக்க எண், பெயர், வங்கி. இதை அப்படியே குறிப்புப் பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள், சுருக்காதீர்கள். ஐஸ் கம்பெனிக்கு ஒரே நாளில் காலையும் மாலையும் 1,200 ரூபாய் இரண்டு தடவை போட்டிருப்போம், தேதியும் தொகையும் ஒன்றாக இருப்பதால் ஒன்றை இரட்டைப் பதிவு என்று விட்டுவிட வாய்ப்பு உண்டு. அந்த 12 இலக்க எண்தான் இரண்டும் வேறு என்று காட்டும். ஐஸ் கம்பெனியின் பெயர் வந்தால் ஐஸ் செலவு, பங்க் பெயர் வந்தால் டீசல் என்று ஒரு முறை விதி போட்டுவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து தானாகவே பிரியும்.

ஏடிஎம்-இல் எடுத்தது செலவு இல்லை. கைப்பணம் என்று தனிக் கணக்கு ஒன்று வைத்து அதற்கு மாற்றியதாக எழுதுங்கள், ஆட்களுக்குப் பங்கு கொடுப்பது அந்தக் கைப்பணத்திலிருந்து போகட்டும். மச்சானுக்கு இரண்டு வங்கிகளில் கணக்கு இருப்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போட்டதும் அதே மாதிரி மாற்றம்தான். இல்லாவிட்டால் அதே பணம் ஒரு பக்கம் வருமானமாகவும் மறுபக்கம் செலவாகவும் நின்று, சம்பாதிக்காத காசைச் சம்பாதித்ததாகக் காட்டும். தடைக்கால நிவாரணம் கணக்கில் ஏறும்போது அதற்கும் தனித் தலைப்புக் கொடுங்கள், மீன் விற்ற பணத்தோடு கலக்காதீர்கள்.

கடைசியாக, வங்கிப் பக்கத்தில் உள்ள இருப்பை ஆக்சுவலின் ரீகன்சைல் (இரண்டு பக்க இருப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும்) பெட்டியில் போடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் விடாமல் தேடுங்கள், அனேகமாக விட்டுப்போன பக்கமோ வங்கி பிடித்த எஸ்எம்எஸ் கட்டணமோ இருக்கும். சரியாக வந்ததும் பூட்டிவிட்டு, நெட் பேங்கிங்கில் லாக் அவுட் செய்து, டவுன்லோட்ஸில் கிடக்கும் சிஎஸ்வி கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். கணக்கில் தெரியாத பற்று ஒன்று கண்ணில் பட்டால் இதையெல்லாம் அப்படியே நிறுத்திவிட்டு முதலில் வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் ஃபோன் போடுங்கள்.