படுக்க ‘லை’, வைக்க ‘லே’

காய்ச்சலில் கிடந்த ஒருநாள், விடுப்பு மின்னஞ்சலில் ‘ஐ ஆம் லேயிங் இன் பெட்’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் வேலைக்குப் போனதும் பக்கத்து இருக்கைக்காரர் கேட்ட முதல் கேள்வி: “எத்தனை முட்டை?”

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. லை (lie), லே (lay) என்ற இரண்டு ஆங்கில வினைகளின் குழப்பம் நமக்கு மட்டும் வருவதில்லை. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் நாயைக்கூட ‘லே டவுன்’ என்றுதான் அதட்டுகிறார்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தமிழில் ‘எதை?’ என்று கேளுங்கள்

லை என்றால் கிடப்பது, படுப்பது. லே என்றால் கிடத்துவது, ஒன்றை ஓரிடத்தில் வைப்பது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதேதான். கொத்தனார் செங்கல் அடுக்குகிறார். எதை? செங்கலை. பதில் கிடைத்துவிட்டது, எனவே ‘ஹி லேஸ் ப்ரிக்ஸ்’. பூனை பாயில் கிடக்கிறது. ‘எதைக் கிடக்கிறது?’ என்று கேட்கவே முடியாது. எனவே ‘த கேட் லைஸ் ஆன் த மேட்’.

கோழி மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். ‘த ஹென் இஸ் லேயிங்’ என்ற வாக்கியத்தில் முட்டை இல்லை. இருந்தாலும் முட்டையைத்தான் இடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியும். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

படி 2: இறந்தகாலத்தை எழுதிப் பாருங்கள்

நிகழ்காலம், இறந்தகாலம், ‘ஹேவ்’ சேர்ந்து வரும் வடிவம் என்ற வரிசையில் இந்த இரண்டு வரியையும் தாளில் எழுதுங்கள்:

லை, லே, லெய்ன்
லே, லெய்ட், லெய்ட்

முதல் வரியின் நடுச்சொல்லே இரண்டாம் வரியின் முதல் சொல். உச்சரிப்பும் ஒன்று, எழுத்துக்கூட்டலும் ஒன்று. அத்தனை வம்பும் இதனால்தான். ‘நேற்று மத்தியானம் கட்டிலில் படுத்திருந்தேன்’ என்பதற்கு ‘ஐ லே ஆன் த பெட்’. வாய்விட்டுச் சொன்னால் தப்பு போலவே ஒலிக்கும், தப்பில்லை. ‘சாவியை மேசைமேல் வைத்தேன்’ என்பதற்கு ‘ஐ லெய்ட் த கீஸ் ஆன் த டேபிள்’. லெய்ன் பேச்சில் அபூர்வம். ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ முன்னால் வந்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காக ஆங்கிலத்தைத் திட்டவும் முடியாது. ‘கொஞ்ச நேரம் படுத்து எழுந்தேன்’, ‘என்னைப் போட்டுப் படுத்தாதே’ இரண்டையும் பாருங்கள். நம் ‘படுத்து’ம் இரண்டு வீட்டிலும் கால் வைக்கிறது. நாம் குழம்புகிறோமா என்ன?

படி 3: பொய்யைத் தனியே ஒதுக்குங்கள்

பொய் சொல்வதும் லைதான். அதன் இறந்தகாலம் லைட். ‘ஐ லைட் ஆன் த பெட்’ என்றால், கட்டிலில் இருந்தபடி பொய் சொன்னேன் என்றாகிவிடும்.

படி 4: அதே சாவியை வேறு பூட்டுகளில் போடுங்கள்

எழுவதற்கு ரைஸ், எழுப்புவதற்கு ரெய்ஸ். உட்கார சிட், ஒன்றை வைக்க செட். இந்த ஜோடிகள் தற்செயலாக அமைந்தவையல்ல. பழைய ஜெர்மானிய மொழியில் வினையோடு ஒரு விகுதி சேர்த்துப் பிறவினை செய்தார்கள். விகுதி தேய்ந்துபோய், உயிரொலி மாற்றம் மட்டும் மிஞ்சியது. எனக்குப் பிடித்த ஜோடி ஃபாலும் ஃபெல்லும்: மரம் விழுந்தாலும் ஃபெல், மரத்தை வெட்டி வீழ்த்துவதும் ஃபெல். வீழ்த்திய பிறகு ஃபெல்ட்.

படி 5: அடுத்தவரைத் திருத்தும்முன் நிதானியுங்கள்

லை வரவேண்டிய இடத்தில் லே போடுவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் உண்டு. 1770 வாக்கில்தான் அதைத் தவறு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அப்புறம் பாடநூல்கள் விடவே இல்லை. 1818இல் வெளியான நெடுங்கவிதைப் பகுதி ஒன்றில் புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் பைரனே லை இருக்கவேண்டிய இடத்தில் லே போட்டு அடியை முடித்திருக்கிறார். ‘ஸ்ப்ரே’, ‘பே’ என்று முடியும் அடிகளோடு இயைபு வேண்டுமே!

அதனால் என் கணக்கு இதுதான். தேர்வுத்தாள், வேலை விண்ணப்பம், விடுப்புக் கடிதம் என்றால் விதிப்படி எழுதுங்கள். பேச்சில் யாராவது ‘லேயிங் டவுன்’ என்றால் விட்டுவிடுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் விதிவிலக்கு. அவர் ஒருநாள் ‘ஐ லைட் டவுன்’ என்று எழுதாமலா போவார்? “என்ன பொய் சார்?” என்று கேட்கக் காத்திருக்கிறேன்.