புத்தகக் குறிப்பு எழுத நேரம் மிச்சப்படுத்தும் ஒரு வழி
வாசிக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் நான்காக மடித்த தாளொன்றை அடையாளமாக வைத்து, மனத்தைத் தொட்ட இடம் வந்தவுடனேயே பக்க எண்ணையும், அது ஏன் தொட்டது என்பதை ஒரே வரியிலும் பென்சிலால் அதில் குறித்துவிடுங்கள். எழுத உட்காரும்போது நேரத்தை விழுங்குவது எழுத்தன்று. அந்த வரி எங்கே இருந்தது என்று 300 பக்கங்களை மீண்டும் புரட்டும் தேடல்தான். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று புத்தகங்களை வாசிப்பவர்களுக்கும் குறிப்புகள் கலந்துபோவதில்லை. கொழும்புப் பொது நூலகத்தில் இரவல் பெற்ற நூலில் கோடிடும் தவறும் நேராது (திருப்பிக் கொடுக்குமுன் தாளை எடுத்துவிட வேண்டும்). வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு நெரிசலான பேருந்தில் நின்றபடி வாசிக்கும்போது இது சரிவராது. அப்போது பக்க எண்ணை மட்டும் கைபேசியில் பதிந்துகொள்ளலாம். கவிதைத் தொகுதிகளை முதல்முறை வாசிக்கும்போதும் பென்சிலை எடுக்காமலிருப்பதே நல்லது, ஏனெனில் இடையில் நிறுத்தினால் ஓசை அறுந்துவிடும்.